தாம்பூலப் பையில் ஒரு வயர்

எங்கள் வீட்டுப் பரணில் பதினேழு தாம்பூலப் பைகள் இருக்கின்றன. கல்யாண வீடுகளில் தேங்காய், வெற்றிலைபாக்கு போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப்பைகள். மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும் அச்சடித்த பையைக் குப்பையில் போட என் மனைவிக்கு மனசு வராது. துவைத்து மடித்து வைத்துவிடுவாள். நான் அவற்றை வயர் போட எடுத்துக்கொண்டேன். ஒரு பைக்குள் ஒரே ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு உரிய வயர்கள் மட்டும். பையின் காதில் நூல் கோத்து ஓர் அட்டை. பெட்டியின் மாடல் எண், எத்தனை வாட், யார் வீட்டுக் கம்ப்யூட்டர், எப்போது மாட்டியது, எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் பதினாறு பைகளை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். பதினேழாவதை யாருக்கும் கொடுத்ததில்லை.

போன மாதம் மகள் வயிற்றுப் பேரன் போன் செய்தான். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் காசு சேர்த்திருந்தான். "தாத்தா, எஸ்.எம்.பி.எஸ். மாடுலரா வாங்கவா, நான்-மாடுலர் போதுமா? மாடுலர்தான் கெத்துன்னு பசங்க சொல்றாங்க." போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வாடா தம்பி என்றேன். அந்தக் கேள்வி என் வாழ்க்கையில் எங்கெங்கே போய்த் தொட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கேபினெட்டின் ஒரு மூலையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. கரண்டை வாங்கி டி.சி. ஆக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கையடக்கமான டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, 12, 5, 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கும். நான்-மாடுலர் பெட்டியில் வயர்கள் எல்லாம் உள்ளேயே பற்றவைக்கப்பட்டு, ஒரே கற்றையாக வெளியே வரும். வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்தேதான் வரும். மாடுலர் பெட்டியின் முதுகில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வேண்டிய வயரை மட்டும் செருகிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் செமி-மாடுலர். அதில் மதர்போர்டுக்குப் போகும் 24 பின் வயரும் பிராசசருக்குப் போகும் வயரும் நிரந்தரமாக இருக்கும், மற்றவை கழற்றி மாட்டுபவை.

நான் வயரைக் கையில் எடுத்தது 1971-ல், பதினெட்டு வயதில், கும்பகோணத்தில் ஒரு ரேடியோ கடையில். அதன்பின் டேப் ரிக்கார்டர், கறுப்பு வெள்ளை டி.வி., கலர் டி.வி. 1992-ல் தஞ்சாவூரில் சொந்தமாகக் கடை போட்டபோது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பாகங்களுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். இரவு பஸ்ஸில் ஏறி, விடிந்ததும் மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் ரிச்சி தெருவில் இறங்கி நடந்து, கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்புவேன்.

அப்போது வந்தவை ஏ.டி. வகை எஸ்.எம்.பி.எஸ். போர்டுக்குப் போகும் வயர் இரண்டு பிளக்காகப் பிரிந்திருக்கும்: பி8, பி9. ஒவ்வொன்றிலும் ஆறு பின். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும். அப்படிச் செருகி சுவிட்ச் போட்டால் போர்டு அன்றோடு முடிந்தது. ரிச்சி தெருவில் ஒரு பெரியவர் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். "கறுப்பும் கறுப்பும் அண்ணன் தம்பி. பக்கத்துல பக்கத்துல உக்காரணும். பிரிச்சா வீடு எரியும்." இரண்டு பிளக்கின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர்ந்து வர வேண்டும் என்பதுதான் கணக்கு. இதை நான் எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இரண்டு பிளக் போய் 20 பின் கொண்ட ஒரே பிளக் ஆயிற்று. 2003 வாக்கில் அது 24 பின் ஆனது. பின்களின் வடிவமும் கொக்கியும் ஒரு பக்கம்தான் செருக விடும். வயர்களுக்கு நிறமும் உறுதியானது: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். அந்த அமைப்பைப் பின்பற்றினால், எந்தக் கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.ஸை எந்தப் போர்டில் மாட்டினாலும் பிழை வராது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! கறுப்பு, கறுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டு மாட்டிய காலம் போய்விட்டது. பிளக் உள்ளே போனால் சரி, போகாவிட்டால் தப்பு. கை அப்படிப் பழகிவிட்டது, கையோடு சேர்ந்து மனசும்.

அந்தப் பழக்கம் பதினெட்டு வருஷம் என்னைக் கைவிடவே இல்லை.

2013 தை மாதம். டெல்டா முழுக்கப் பாதி நாள் கரண்ட் இல்லாத காலம் அது. எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நானே இரண்டு வருஷத்துக்கு முன் அசெம்பிள் செய்து கொடுத்த மெஷின். கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் எல்லாம் அதில்தான். மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். போட்டிருந்தேன்; அது செத்திருந்தது. முகூர்த்த மாதம், இரண்டு ஆல்பம் கொடுக்க வேண்டும் என்று கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும். மணி நாலேகால்.

அதே மாடல் கைவசம் இல்லை. வேறு கம்பெனியின் நல்ல மாடுலர் பெட்டி ஒன்று இருந்தது. கேபினெட்டைத் திறந்தேன். பழைய வயர்கள் போர்டுக்குப் பின்னால், சாண் அளவுக்கு ஒரு டை போட்டு, ஒட்டினாற்போல் ஓடியிருந்தன. என் கை வேலை. அதை அறுத்துப் பிரிக்க மனசு வரவில்லை, நேரமும் இல்லை. பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமே என்று தோன்றிற்று. நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பழையதை எடுத்தேன், புதியதை வைத்தேன். போர்டுக்குப் போகும் பழைய வயரைப் புதுப் பெட்டியில் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை, துளைகளின் அமைப்பு வேறு. சரி என்று அதை மட்டும் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியோடு வந்ததை மாட்டினேன். பிராசசர் வயரும் அப்படித்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயர், ஆறு துளை பிளக், அழகாக உள்ளே போனது. கொக்கி 'க்ளிக்' என்று விழுந்தது.

நுழையாத வயர் ஒரு தீங்கும் செய்யவில்லை. நுழைந்த வயர்தான் எரித்தது.

சுவிட்ச் போட்டேன். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி அரைச் சுற்று. அதற்குள் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது புகையைப் பார்ப்பதற்கு முன்பே வயிற்றில் தெரியும். ஹார்டு டிஸ்க் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். மெஷின் ஓடிற்று. அப்படியென்றால் ஷார்ட் ஆகியிருப்பது டிஸ்க். இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 2 டி.பி.

மீட்டரை பஸ்ஸரில் வைத்து, வயரின் இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்தேன். டிஸ்க் பக்கம் இருக்கும் பிளக் உலகம் முழுக்க ஒன்றுதான். சாட்டா பவர் பிளக்கில் 15 தொடுமுனைகள், மூன்று மூன்றாக. முதல் மூன்று 3.3 வோல்ட், நடுவில் உள்ள மூன்று 5 வோல்ட், கடைசி மூன்று 12 வோல்ட், இடையில் கிரவுண்ட். ஆனால் பெட்டி பக்கம் செருகும் முனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. எந்தத் துளையில் எந்த வோல்ட் வரும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. பிளக்கின் உருவம் மட்டும் ஒன்றாக இருந்துவிடும். புதுப் பெட்டியில் 12 வோல்ட் வருகிற துளைக்கு நேரே, பழைய வயரில் 5 வோல்ட் கம்பி உட்கார்ந்திருந்தது. அழகுக்காக அந்த வயர் முழுவதும் கறுப்பு. மஞ்சளும் சிவப்பும் இருந்திருந்தால் என் கண் தடுத்திருக்கும். ரிச்சி தெருப் பெரியவர் சொன்ன கறுப்பு அன்று எல்லாப் பக்கமும் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கடைப் பையன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, வோல்டேஜ் ஏறி வந்துடுச்சுன்னு சொல்லிடலாம்ணே. இப்ப ஊரே அப்படித்தானே இருக்கு."

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தான். அந்த வருஷம் அதை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பொய்யும் அந்த நேரத்துக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு நிமிஷம் நான் பேசாமல்தான் இருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அந்த வயரைக் கழற்றிக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வந்ததும் காட்டினேன். "தப்பு என்னோடது. இந்த வயர் இந்தப் பெட்டியோடது இல்ல. பாக்காம செருகிட்டேன். ரெண்டு டிஸ்க்கும் போயிருக்கு."

அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று, இருட்டிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஹார்டு டிஸ்க்கின் பச்சைப் போர்டில், பவர் பிளக்குக்குப் பக்கத்திலேயே டி.வி.எஸ். டையோடு என்று மிளகளவில் ஒன்று இருக்கும். வோல்டேஜ் மீறி வந்தால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு பின்னால் இருக்கிற சிப்புகளைக் காப்பாற்றப் பார்க்கும். முதல் டிஸ்க்கில் அது தன் வேலையைச் செய்திருந்தது. அன்றிரவு எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் அந்த டையோடை எடுத்தேன். அதன்பின் டிஸ்க்குக்குப் பாதுகாப்பு இல்லை, இன்னொரு முறை தப்பு நடந்தால் அவ்வளவுதான் என்று தெரிந்தே ஓட்டினேன். ஓடிற்று. விடிய விடிய உட்கார்ந்து வேறொரு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இரண்டாவது டிஸ்க்கில் டையோடு தாங்கவில்லை, பின்னால் இருந்த சிப்பும் போயிருந்தது. அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கின் போர்டை மாட்டினால் போதாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் எட்டுக்கால் சிப் ஒன்றில் பதிந்திருக்கும். அதைப் பெயர்த்துப் புதுப் போர்டில் பற்றவைக்க வேண்டும். டேட்டா மீட்பு வேலை செய்கிறவர்களிடம் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூன்று வாரம் ஆயிற்று. செலவு என்னுடையது. முகூர்த்தப் படங்கள் கிடைத்தன. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு வீடியோ இருந்த ஃபோல்டர் கிடைக்கவில்லை.

அந்தக் கல்யாணப் பெண் வீட்டுக்கு ஸ்டுடியோக்காரர் சொல்லப் போனபோது நானும் போனேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. பெண்ணின் அப்பா கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார்கள். கிளம்பும்போது, வீட்டுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, கல்யாணத்தில் மீந்த தாம்பூலப் பை ஒன்றில் இரண்டு தேங்காய் போட்டுக் கொடுத்தார்கள். பதினேழாவது பை அதுதான். அந்த வயர் அதில்தான் இருக்கிறது.

ஸ்டுடியோக்காரர் எட்டு மாதம் கடைப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் மானிட்டர் ஒன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு வந்து, "லைட் வர மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகன் பி.எஸ்சி. கணிதம் முடித்தவன். 2009-ல் கடையில் ஆள் இல்லை, அவன் வீட்டில் இருந்தான், வா என்றேன், வந்தான். வாடிக்கையாளர்களிடம் தன்மையாகப் பேசுவான், கணக்கு வழக்கு சுத்தம், ஒரு நாள் கூட முகம் சுளித்ததில்லை. எந்த உரசலும் இல்லாமல் அந்த இடத்தில் பொருந்திவிட்டான். உரசல் இல்லாததால் நான் எதையும் கேட்கவில்லை. காலையில் கடை திறப்பதற்கு முன் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

அந்த வீட்டிலிருந்து தேங்காயோடு திரும்பிய இரவு, கடையைப் பூட்டிக்கொண்டிருந்த அவனிடம் கேட்டேன்: "தம்பி, இந்தக் கடை உனக்குப் புடிச்சிருக்கா?" சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். "பி.எட். அப்ளிகேஷன் வாங்கி வச்சிருந்தேன்பா. மூணு வருஷம் ஆச்சு" என்றான். மறுநாள் அவனுடைய மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினான். ரிப்பேர் பில் புத்தகங்களுக்கு அடியில் நிரப்பாத அப்ளிகேஷன் இருந்தது. மூன்று வருஷமும் நான் அந்த மேசையில்தான் சாய்ந்து நின்று பேசியிருக்கிறேன்.

இப்போது அவன் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 2018-ல் நான் கடையை அந்தப் பழைய கடைப் பையனிடமே ஒப்படைத்துவிட்டேன்.

பேரன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். செல்போனில் பத்துப் பதினைந்து எஸ்.எம்.பி.எஸ். படம் சேர்த்து வைத்திருந்தான். எல்லாம் பின்பக்கத் துளைகளின் படம். லேபிளை ஒன்றில்கூடப் படம் எடுக்கவில்லை. நான் கேட்டது அதைத்தான். "12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கு?"

இந்த ஒரு கேள்வி நிறையப் பணத்தைக் காப்பாற்றும். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். லேபிளில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருந்தால், பன்னிரண்டு பதினாறு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. உண்மையில் உதவப்போவது அந்த 192 வாட்தான். நல்ல பெட்டியில் 450 வாட் என்றால் 12 வோல்ட்டில் மட்டுமே அதற்கு நெருக்கமாக வரும். அடுத்தது 80 பிளஸ் முத்திரை. 2004-ல் தொடங்கிய திட்டம். வாங்குகிற கரண்டில் குறைந்தது 80 சதவீதத்தையாவது கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும், மிச்சம்தான் சூடாகப் போகலாம் என்பது அதன் அடிப்படை. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்று ஏற ஏற வீணாவது குறையும். நம் ஊர் வெயிலில் அந்தச் சூட்டை அறைக்குள் கொட்டாமல் இருப்பதே ஒரு லாபம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 105 டிகிரி வகையா, 85 டிகிரி வகையா என்பதும் முக்கியம். வாரன்ட்டி எத்தனை வருஷம் என்பதில் அதன் விடை பாதி தெரிந்துவிடும். உள்ளே மட்டமான சரக்கு போட்டவன் ஏழு வருஷம் வாக்குக் கொடுக்க மாட்டான்.

எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் குணம் ஒன்று உண்டு. கரண்ட் போனதும் யு.பி.எஸ். கைமாற்றி எடுத்துக்கொள்ளச் சில மில்லி செகண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் எஸ்.எம்.பி.எஸ். தன் பெரிய கெப்பாசிட்டரில் பிடித்து வைத்திருப்பதை வைத்து கம்ப்யூட்டரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நல்ல பெட்டி சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். மட்டமானதில் அந்தக் கெப்பாசிட்டரைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள், யு.பி.எஸ். இருந்தும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஜனங்கள் யு.பி.எஸ்.ஸைத் திட்டுவார்கள். அதே கெப்பாசிட்டர்தான் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தன்னிடம் வைத்திருக்கும். அதனால்தான் தெரியாதவர்கள் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது என்று அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று வருகிறவர்களும் உண்டு. அதற்குப் பெட்டியை மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது போக வழியில்லாமல் தகரத்தில் வந்து நிற்கிறது. வீட்டு எர்த்தைச் சரி செய்ய வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வயர்.

மாடுலர் போட்டால் காற்றோட்டம் நன்றாக இருக்கும், கம்ப்யூட்டர் குளிரும் என்கிறார்கள். மீந்த வயரைக் கட்டி ஓரம் ஒதுக்கினால் நான்-மாடுலரிலும் காற்று போகும். நான் பார்த்தவரை வித்தியாசம் பெரிதாக இல்லை. மாடுலரின் நிஜமான பயன் வேறு. சின்ன கேபினெட்டில் வயரை அடைக்க இடம் இருக்காது, அங்கே அது வேண்டும். டிஸ்க், கார்டு என்று அடிக்கடி திறந்து மாற்றுகிறவர்களுக்கு வேண்டும். எங்கள் ஊரில் எலி கடித்த கேபினெட்டுகள் நிறைய வரும். நான்-மாடுலரில் பற்றவைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும், மாடுலரில் அந்த மாடலுக்கே உரிய வயரை வரவழைத்து மாட்டினால் முடிந்தது.

ஆனால் கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு இடமும் தளர்ந்துபோகிற இடமும்தான். நன்றாகப் பிடித்த பிளக்கின் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. அது தளர்ந்து 0.05 ஓம் ஆகிவிட்டால், 10 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு பின்னில் 5 வாட் சூடு. பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? 600 வாட் வரை தாங்கும் என்று 2022-ல் பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வந்த 16 பின் பிளக் சில இடங்களில் உருகியதற்கும், அது முழுக்க உள்ளே போகாமல் நின்றது ஒரு முக்கியக் காரணம். மறுவருஷமே அந்தப் பிளக்கைத் திருத்தி வெளியிட்டார்கள். 'க்ளிக்' கேட்ட பிறகும் ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

கடை பில் போடுகிற மெஷின், பள்ளிக்கூட லேப், டியூஷன் சென்டர் என்று மாட்டினால் பத்து வருஷம் திறக்காத இடத்துக்கெல்லாம் நான்-மாடுலர்தான் என் கை போகும். யாரும் வயரை மாற்றிச் செருக முடியாது, தொலைக்க முடியாது. போர்டு வயரையும் பிராசசர் வயரையும் கழற்றுகிற வசதிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கம்ப்யூட்டர் இருக்கும்வரை அந்த இரண்டும் வேண்டும். அதனால் கழற்றி மாட்டும் வசதி வேண்டும் என்கிறவர்களுக்கு செமி-மாடுலரைத்தான் சொல்வேன்.

பேரனுடைய கேபினெட் பெரியது, அடியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தனி அறையே இருக்கிறது. மீந்த வயரெல்லாம் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். அவன் கையில் இருந்த காசுக்கு முழு மாடுலர் வேண்டுமென்றால் உள்ளே மட்டமான பெட்டிதான் கிடைக்கும். அதே காசுக்கு 550 வாட், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், பிரான்ஸ் முத்திரை, ஐந்து வருஷ வாரன்ட்டியோடு நான்-மாடுலர் இருந்தது. "பசங்க சிரிப்பாங்களே தாத்தா" என்றான். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிவது போர்டும் கார்டும்தானே என்று யோசித்து அவனே சமாதானம் ஆனான். ஆர்டரைப் போட்டுவிட்டு, "சரி, அந்தப் பதினேழாவது பையில என்ன இருக்கு? கேட்டா அம்மா சொல்ல மாட்டேங்குறாங்க" என்றான்.

ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கச் சொன்னேன். வயரை மேசைமேல் நீட்டிவைத்தோம். அன்று நானே வரைந்த படம் அந்த அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. புதுப் பெட்டியின் ஆறு துளைகளில் எதில் எந்த வோல்ட் வரும் என்று. மீட்டரை அவன் கையில் கொடுத்தேன். "படத்துல 12ன்னு போட்டிருக்கிற துளையில ஒரு புரோப்பை வை. இன்னொன்னை டிஸ்க் பக்கம் ஏழாவது பின்ல வை."

"ஏழாவது 5 வோல்ட்டாச்சே தாத்தா."

"வை."

வைத்தான். மீட்டர் 'பீப்' என்றது. எடுத்தான். பின்னை முதலிலிருந்து எண்ணிப் பார்த்து மறுபடி வைத்தான். மறுபடி 'பீப்' என்றது. வயரைத் திருப்பிப் பிளக்கைப் பார்த்தான், பையில் அச்சடித்திருந்த பெயர்களைப் பார்த்தான்.